பஞ்சாலை ஊரும் கணிப்பொறியும்

மகாராஜபுரம் முதலிய மலையடிவாரச் சிற்றூர்களில் ஆலை வேலை என்றதும் இராஜபாளையம்தான் நினைவுக்கு வரும். பஞ்சாலும் நூலாலும் பெயர் பெற்ற அந்நகருக்குக் கணிப்பொறித் துறையிலும் பங்குண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936-ஆம் ஆண்டில் இராஜபாளையம் மில்லை நிறுவினார். அவர் தொடங்கி வைத்த தொழில்கள் நூலிலிருந்து சிமெண்டுக்கும் பிற துறைகளுக்கும் பரவின. அக்குழுமத்தைச் சேர்ந்த ராம்கோ இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவாக 1992-இல் மென்பொருள் ஆக்கும் பணி தொடங்கிற்று. 1997-இல் அது ராம்கோ சிஸ்டம்ஸ் என்னும் தனி நிறுவனமாயிற்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்நிறுவனத்தின் மென்பொருள்கள், இன்று பல நாடுகளில் ஊதியக் கணக்கிற்கும் விமானப் பராமரிப்பிற்கும் பயன்படுகின்றன.

ஒரு பதிவு, பல பயன்

இம்மென்பொருள் செய்வது என்ன? முன்னாளில் ஆலையொன்றில் பஞ்சு வாங்குமிடத்தில் ஒரு பேரேடு, கிடங்கில் ஒன்று, உற்பத்தியில் ஒன்று, கணக்கரிடம் ஒன்று எனத் தனித்தனியே இருக்கும். மாத முடிவில் நான்கையும் ஒத்துப் பார்ப்பதற்குள் எழுத்தர்கள் களைத்துப் போவர். இப்போதோ பஞ்சுப் பொதி வந்திறங்கியதும் ஒருமுறை பதிந்தால் போதும். கிடங்கின் இருப்பு உயர்கிறது. விற்றவருக்குத் தரவேண்டிய தொகை கணக்கில் ஏறுகிறது. உற்பத்தி மேலாளரும் அக்கணமே அறிகிறார். ஜெர்மனியில் 1972-இல் ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து விலகிய ஐவர் தொடங்கிய எஸ்.ஏ.பி. நிறுவனம் இவ்வகை மென்பொருளை உலகெங்கும் பரப்பியது.

ஆனால் இதே வசதியில் ஓர் ஆபத்தும் உண்டு. முதற்பதிவு தவறானால் அத்தவறும் அதே வேகத்தில் எல்லாக் கணக்குகளிலும் பாய்ந்துவிடும். ஆகவே பதிவு செய்யும் எளிய ஊழியரின் கவனமே முழு அமைப்பிற்கும் அடித்தளம்.

வாடகைக்குக் கணிப்பொறி

வன்பொருளிலும் பெருமாற்றம் நிகழ்ந்துள்ளது. ஒரு காலத்தில் குளிரூட்டிய அறையில் சொந்தக் கணிப்பொறி வைத்திருக்கப் பெரிய நிறுவனங்களால்தான் இயன்றது. இன்று தொலைவிலுள்ள தரவு மையத்துக் கணிப்பொறிகளை இணையத்தின் வழியே வாடகைக்குப் பயன்படுத்தலாம். ‘மேகக் கணிமை’ எனப்படுவது இதுவே. சிறு தொழில் செய்வோருக்கு இது பெரும் உதவி. எனினும் நம் கணக்கு பிறரது இயந்திரத்தில் தங்குகிறது என்பதை மறத்தலாகாது. ஒப்பந்தம் முடிந்தால் தரவைத் திரும்பப் பெற வழியுண்டா என்று முதலிலேயே கேட்டறிதல் நன்று.

விரும்பினும் விரும்பாவிடினும் இம்மாற்றம் நம்மை வந்தடைந்துவிட்டது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் வணிகம் செய்வோருக்குக் கட்டாயமாக்கப்பட்ட மின்னணு விலைப்பட்டியல், 2023 ஆகஸ்டு முதல் 5 கோடியைத் தாண்டியோருக்கும் கட்டாயமாயிற்று.

நம் குடும்பங்கள் செய்யத்தக்கது

பேரேடு எழுதியே பிழைத்த எழுத்தரின் நிலை என்ன? எழுதும் வேலை குறையும். ஆயினும் கணக்கு ஏன் பிசகியது எனக் கண்டறியும் அனுபவம் அவரிடமே உள்ளது. அவருக்குப் புதிய பயிற்சி அளிப்பது நிர்வாகத்தின் கடமையன்றோ? இளைஞர்களும் இவ்வேலைக்காக நகரம் நோக்கியே ஓடவேண்டும் என்பதில்லை. ஸோஹோ நிறுவனம் 2011-இல் தென்காசியருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. பள்ளிப் படிப்பை முடித்தோருக்கு உதவித்தொகையுடன் பயிற்சியும் அது அளித்து வருகிறது.

ஆலைத் தொழிலாளரின் ஊதியத்தையும் இன்று மென்பொருளே கணிக்கிறது. ‘கணிப்பொறி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்று வாளாவிருத்தல் கூடாது. வருகை நாள், மிகுநேர வேலை, பிடித்தம் ஆகியவற்றை மாதந்தோறும் ஊதியச் சீட்டில் சரிபாருங்கள். வருங்கால வைப்பு நிதிக்குப் பிடித்த தொகை உங்கள் கணக்கில் சேர்ந்ததா என்பதை இணையத்தின் வழியே நீங்களே காணலாம். படித்த பிள்ளைகள் இதில் பெற்றோருக்குத் துணைநிற்கட்டும். குறை கண்டால் தயங்காது கேளுங்கள். உழைத்த ஒருநாள் பதிவில் விடுபட்டால் இயந்திரத்திற்கு அது வெறும் எண்; நம் வீட்டிற்கோ அது ஒருநாள் அடுப்பெரிவது.