ஹெர்தே பள்ளத்தாக்கின் செர்ரி அடுக்குகள்

எதிரே சரிவில் படிப்படியாக ஏறுபவை ஸ்பெயினின் காசெரஸ் மாகாணத்து இனிப்புச் செர்ரித் தோட்டங்கள். 18-ஆம் நூற்றாண்டில் நோய் தாக்கி செஸ்நட் மரங்கள் பெருமளவு அழிந்தபின் செர்ரி இங்கே பரவலாயிற்று. சாந்தில்லாமல் அடுக்கிய கல்சுவர்கள் மழையில் மண் அரித்துப் போகாமல் காக்கின்றன. எந்திரம் ஏறாத இந்தச் சரிவில் பாடுபடுவதைவிடச் சமவெளியில் பயிரிடுவது எளிதல்லவா என்று கேட்கலாம். உழைப்பு கூடுதல்தான். ஆனால் பழுத்த செர்ரி மரத்தில் காத்திருக்காது. எல்லா மரமும் ஒரே வாரத்தில் பழுத்தால் ஒரு குடும்பத்தால் பறித்து மாளாது. இங்கே வெப்பமான கீழடுக்குகள் முந்துகின்றன, குளிர்ந்த மேலடுக்குகள் பிந்துகின்றன. ரகங்களும் முன்பின்னாகப் பழுப்பதால், அறுவடை ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூலை வரை நீள்கிறது. சிறு உழவருக்கு இந்த அவகாசத்தைக் கொடுப்பதில் சரிவுக்குப் பெரும் பங்கு உண்டு.

பருவத்தின் பிற்பகுதியில் வரும் பிக்கோட்டா வகைப் பழங்கள் காம்பில்லாமல் விற்கப்படுகின்றன. காம்பு போன பழம் சாறு ஒழுகிக் கெடும் என்பது பொதுவாகச் சரியே. பிக்கோட்டாவுக்கு அது பொருந்தாது. நன்கு பழுத்ததும் லேசாக இழுத்தாலே பழம் கழன்று வரும், காம்பு கிளையிலேயே தங்கிவிடும், தோலும் கிழியாது. பழுக்காத காய் அப்படிக் கழலாது. ஆகவே காம்பின்மை குறையல்ல, சரியான பக்குவத்தில் கையால் பறித்ததற்கு அத்தாட்சி. பறித்தவற்றைச் சேர்க்கும் பாரம்பரியக் கூடை செஸ்நட் மரச் சிம்புகளால் பின்னியது.

அடுக்குச் சுவர்களின் கற்கள் ஒன்றையொன்று தாங்கியே நிற்கின்றன. சுவர்மீது ஏறாதீர்கள், கல்லை உருவாதீர்கள்.