கண்ணில் படாமல் ஓடும் சோதனைகள்

இணையதளம் ஒழுங்காக இயங்குகிறதா என்று, மனிதருக்குப் பதிலாக நிரலே பிரவுசரைத் திறந்து, பட்டன்களை அழுத்திச் சோதிக்கும் முறையைப் பரவலாக்கியது 2004-இல் உருவான செலினியம் என்ற கருவி. அதில் ஒரு தொல்லை உண்டு. சோதனைக்காகத் திறக்கும் விண்டோ முன்னால் வந்து நின்று, கீபோர்டையும் தன் வசமாக்கிக்கொள்ளும். மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருப்பவர் தட்டிய எழுத்துகள் சோதனைப் படிவத்துக்குள் போய் விழும். வேலை தடைபடுவதைவிட, சோதனை முடிவையே நம்ப முடியாமல் போவதுதான் பெரிய கேடு.

லினக்ஸில் இதற்குப் பழைய தீர்வு எக்ஸ்விஎஃப்பி. கணினியின் நினைவகத்திலேயே ஒரு போலித் திரையை அது உருவாக்கும். பிரவுசர் தன் விண்டோவை அதில் வரைந்துகொள்ளும். 2017-இல் குரோமும் ஃபயர்பாக்ஸும் விண்டோவே தோன்றாத ‘ஹெட்லெஸ்’ முறையைத் தந்தன. பெரும்பாலானோருக்கு இதுவே போதும். செலினியம் போன்ற இன்னொரு சோதனைக் கருவியான பிளேரைட் இயல்பாகவே இப்படித்தான் ஓடுகிறது. குரோமின் பழைய ஹெட்லெஸ் தனியாக எழுதப்பட்டது என்பதால் வழக்கமான குரோமிலிருந்து சில இடங்களில் மாறுபட்டது. 2023-இல் வந்த புதிய ஹெட்லெஸ் அந்த வேறுபாட்டைப் போக்கியது.

பிழை எங்கே என்று கண்ணால் பார்த்தே ஆகவேண்டிய நேரமும் வரும். அப்போது அந்த ஒரு சோதனையை மட்டும் விண்டோவுடன் ஓட்டலாம். அல்லது தோல்வியடைந்த இடத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்படி நிரலிலேயே எழுதிவைக்கலாம்.