நிலா வெளிச்சத்தில் வந்த விருந்தாளி!

அமாவாசை என்றால் கீழ்பென்னாத்தூர் பக்கத்து மக்களுக்கு மேல்மலையனூர் ஞாபகம் வந்துவிடும். அங்காளம்மன் கோவிலில் அன்று நள்ளிரவு ஊஞ்சல் உற்சவம். மாசி மாதம் மகாசிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை. "பேய் பிடித்துவிட்டது" என்று சொல்லப்படும் பெண்களையும் அங்கே அழைத்து வருவார்கள்.

அப்படி வரும் பெண்ணிடம் பூசாரி முதலில் என்ன கேட்பார், தெரியுமா?

"நீ யார்? எதற்காக வந்தாய்?"

பேயாகவே இருந்தாலும் அதற்கும் ஒரு கதை இருக்கும், அதைக் கேட்டாக வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம்.

இந்தக் கேள்வியை யாருமே கேட்காததால் ஒரு பேயின் கதை பாதியில் நின்றுவிட்டது. நடந்தது இங்கே அல்ல. சீமையில், அதுவும் ஒரு நாவலில். 1872-ம் ஆண்டு புத்தகமாக வந்த அந்த நாவலின் பெயர் "கார்மில்லா." ரத்தக்காட்டேரிக் கதைகளில் பெரும் புகழ் பெற்ற "டிராகுலா"வுக்கு இது 25 ஆண்டு மூத்தது. ஆனால் இது வெறும் பேய்க்கதை அல்ல. ஒரு பெண் மீது இன்னொரு பெண் கொண்ட காதலின் கதையும் கூட!

வண்டி கவிழ்ந்தது!

ஆஸ்திரியா நாட்டில் ஸ்டிரியா என்று ஒரு பகுதி. அங்கே அடர்ந்த காட்டின் நடுவில் ஒரு பழைய கோட்டை வீடு. அதில் லாரா என்ற பெண் தன் தந்தையுடன் வசித்து வந்தாள். தாய் இல்லை. வயது 19. பேச்சுத் துணைக்கு ஒரு தோழிகூடப் பக்கத்தில் கிடையாது.

ஒரு நாள் மாலை. நல்ல நிலா. லாராவும் அவள் தந்தையும் வாசலில் உலாவிக்கொண்டு இருந்தார்கள். திடீர் என்று குளம்புச் சத்தம். குதிரை வண்டி ஒன்று தலைதெறிக்க ஓடி வந்தது. சாலை ஓரத்தில் இருந்த பழைய கற்சிலுவையைக் கண்டதும் குதிரைகள் விலகிப் பாய்ந்தன. சக்கரம் மரத்தின் வேரில் ஏறியது. வண்டி கவிழ்ந்தது!

உள்ளே இருந்து ஒரு சீமாட்டி இறங்கினாள். மயங்கிக் கிடந்த இளம்பெண் ஒருத்தியைத் தூக்கி எடுத்தார்கள். "இவள் என் மகள். நான் போகிற காரியம் உயிர் போகிற அவசரம். திரும்பி வர மூன்று மாதம் ஆகும்" என்று சீமாட்டி தவித்தாள். லாராவின் தந்தை நல்ல மனிதர். "அதுவரை உங்கள் மகள் எங்கள் வீட்டில் இருக்கட்டும்" என்றார்.

அந்தப் பெண்தான் கார்மில்லா.

அன்று இரவே முகத்தைப் பார்த்த லாரா திடுக்கிட்டாள். அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, ஓர் இரவில் அழகான பெண் ஒருத்தி கட்டில் அருகே வந்து அவளை அணைத்துக்கொண்டாள். அடுத்த கணம் மார்பில் இரண்டு ஊசிகள் இறங்கியதுபோல வலி! குழந்தை வீறிட்டது. அன்று பார்த்த அதே முகம் இது! "நானும் உன்னை அப்போதே கனவில் பார்த்தேன்" என்கிறாள் கார்மில்லா.

அன்பா, பயமா?

இருவரும் இணைபிரியாத் தோழிகள் ஆனார்கள். கார்மில்லா லாராவின் கையைப் பற்றிக்கொள்வாள். கன்னத்தில் முத்தமிடுவாள். "நீ என்னுடையவள்" என்பாள். லாராவுக்கு ஒரு பக்கம் இன்பம். இன்னொரு பக்கம் காரணம் தெரியாத அருவருப்பு. "ஒருவேளை, ஆண் ஒருவன் பெண் வேடத்தில் வந்திருக்கிறானோ?" என்று கூட யோசிக்கிறாள், பாவம்! பெண்ணுக்குப் பெண் மீது காதல் வரலாம் என்று அவளுக்கு யாரும் சொன்னது இல்லை.

கார்மில்லாவின் பழக்கங்களும் விசித்திரம். உச்சிப்பொழுது தாண்டித்தான் அறையை விட்டு வெளியே வருவாள். சாப்பாடு கிடையாது. சவ ஊர்வலத்தில் பாடும் பாட்டு காதில் விழுந்தால் உடம்பு நடுங்கும். அக்கம்பக்கத்துக் கிராமங்களில் இளம்பெண்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டு இருந்தார்கள்.

லாராவும் மெலியத் தொடங்கினாள். பூனை போன்ற ஒரு பெரிய கறுப்பு மிருகம் இரவில் அறையில் நடமாடக் கண்டாள்.

வீட்டில் இருந்த ஒரு பழைய ஓவியத்தைத் துடைத்துப் புதுப்பித்தார்கள். அதில் இருந்தது கார்மில்லாவின் முகம்! கழுத்தில் இருந்த மச்சம்கூடத் தப்பவில்லை. கீழே எழுதி இருந்தது: மிர்கல்லா, கார்ன்ஸ்டீன் சீமாட்டி, 1698!

இதற்கிடையில் ஒரு கிழத் தளபதி வந்தார். அவர் வளர்த்த பெண்ணும் இப்படியே ஒரு விருந்தாளியால் மெலிந்து செத்துப் போனவள். அந்த விருந்தாளியின் பெயர் மில்லார்கா. மிர்கல்லா, மில்லார்கா, கார்மில்லா! எழுத்துக்களை இடம் மாற்றிப் போட்டால் எல்லாம் ஒரே பெயர்.

பாழடைந்த தேவாலயத்தில் கார்மில்லாவைக் கண்டதும் தளபதி கோடரியை ஓங்கினார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். கோடரி கீழே விழுந்தது. அவள் மாயமாக மறைந்தாள். பிறகு கல்லறையைத் தேடிக் கண்டுபிடித்துத் திறந்தார்கள். புதைத்து 150 ஆண்டு ஆகியும் உடல் அழியவில்லை. கண்கள் திறந்து இருந்தன. பெட்டிக்குள் ரத்தம் தேங்கி இருந்தது. நெஞ்சில் கட்டையை இறக்கி, தலையை வெட்டி, எரித்துச் சாம்பலை ஆற்றில் விட்டார்கள்.

எழுதியவர் யார்?

ஷெரிடன் லெ பானு. அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரத்துக்காரர். 1858-ல் மனைவி இறந்த பிறகு வீட்டோடு முடங்கிப் போனார். "கண்ணில் படாத இளவரசர்" என்றே அவருக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. பெண்ணுக்குப் பெண் காதல் என்று அந்தக் காலத்தில் நேராக எழுதினால் யார் அச்சில் போடுவார்கள்? காதலிக்கு ரத்தக்காட்டேரி வேடம் போட்டார். கதை அச்சேறியது. அந்த வேடத்துக்கான தண்டனையும் கதையோடு சேர்ந்தே வந்தது.

நம் பழையனூர் நீலியை நினைத்துப் பாருங்கள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பொய்க்கண்ணீர் வடித்துப் பழி தீர்த்தவள். "நீலிக் கண்ணீர்" என்று இன்றும் சொல்கிறோம். ஆனால் அவள் முற்பிறப்பில் கணவனால் கொலை செய்யப்பட்டவள் என்பதையும் நம் கதை மறைக்கவில்லை. கார்மில்லாவும் ஒரு காலத்தில் பலியானவளே. முதல் நடன விருந்து நடந்த இரவில் தன்னைக் கொல்லப் பார்த்தார்கள் என்று லாராவிடம் பூடகமாகச் சொல்கிறாள். யார், ஏன் என்று அவளிடம் கேட்டு அறிய, கோடரி தூக்கியவர்களுக்கு நேரம் இல்லை.

நம் நாட்டில் 1942-ல் இஸ்மத் சுக்தாய் என்ற பெண் எழுத்தாளர் உருதுவில் "லிஹாப்" என்ற கதையை எழுதினார். "லிஹாப்" என்றால் ரஜாய். நவாப் கவனிக்காமல் விட்ட ஒரு பேகம்; அவளுக்கு உடம்பு பிடித்துவிடும் வேலைக்காரி. இரவில் ரஜாயின் நிழல் சுவரில் யானைபோல அசைவதைப் பார்த்து ஒரு சிறுமி நடுங்குகிறாள். இங்கே பேய் இல்லை, நிழல்தான் உண்டு. அதற்கே லாகூர் நீதிமன்றத்தில் ஆபாச வழக்கு! அதில் அவர் வென்றார்.

நீதிபதி கேட்டார்

2021-ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள், ஒருவரை ஒருவர் நேசித்தவர்கள், வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் போலீசில் புகார் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் பாதுகாப்புக் கேட்டு ஐகோர்ட்டுக்குப் போனார்கள். வயது வந்தவர்கள் மனம் ஒப்பிச் சேர்வது குற்றம் அல்ல என்று 2018-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆனால் வீட்டார் அதை ஏற்க வேண்டுமே!

வழக்கை விசாரித்தவர் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். இந்த விஷயம் தமக்கே சரியாகப் புரியவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். மனநல நிபுணர் ஒருவரிடம் தாமே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்தப் பெண்களையும் பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார். பிறகுதான், ஜூன் 7-ந் தேதி, உத்தரவு போட்டார். இப்படிப்பட்டவர்களை "குணப்படுத்துகிறேன்" என்று கிளம்புவதற்கும் அதில் தடை போட்டார்.

லாராவை அப்படி உட்காரவைத்துக் கேட்டவர் யாரும் இல்லை. டாக்டர் வந்தார், கழுத்துக்குக் கீழே இருந்த நீலத் தழும்பைப் பார்த்தார், தந்தையிடம் பேசினார். "அவள் மீது உனக்கு என்ன எண்ணம், அம்மா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. சாம்பல் ஆற்றோடு போய்ப் பல ஆண்டுகள் ஆன பிறகும், கூடத்துக் கதவருகே கார்மில்லாவின் மெல்லிய காலடி ஓசை கேட்பதாக நினைத்து அவள் திடுக்கிட்டு நிமிர்கிறாள். அந்தக் காலடி கேட்கும்போது அவளுக்கு வந்தது பயமா, ஆசையா? அதை எழுதாமலே லெ பானு கதையை முடித்துவிட்டார்.