மெய்நிகர் அரங்கில் கதை நிகழ்த்தல்: செவ்வியல் நாடக உத்திகளின் பயன்பாடு

1. முன்னுரை

ஏட்டில் உள்ள கதையை வாசகர் ஆசிரியர் வகுத்த வரிசையிலேயே படிக்கின்றார். திரைப்படத்தில் இயக்குநர் வரைந்த சட்டகத்திற்குள்ளேயே பார்வையாளரின் கண் நிற்கின்றது. தலையில் அணியும் காட்சிக்கருவியின் வழித் தோன்றும் மெய்நிகர் உலகில் இவ்விரு கட்டுகளும் இல்லை. அங்குப் பார்வையாளர் எத்திசையிலும் திரும்பலாம்; செயற்கை நுண்ணறிவால் இயங்கும் கதைமாந்தரோடு உரையாடலாம். அவருடைய உரிமையைப் பறிக்காமல் கதையின் கட்டுக்கோப்பைக் காப்பது எவ்வாறு? இவ்வினாவிற்குப் பழைய அரங்கக்கலை தரும் விடைகள் சிலவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. அரிஸ்டாட்டிலும் கணிப்பொறியும்

கி.மு. நான்காம் நூற்றாண்டினரான அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் கதைப்பின்னல், மாந்தர், கருத்து, மொழிநடை, இசை, காட்சி என நாடக உறுப்புகள் ஆறினை வகுத்தார். பிரெண்டா லாரல் என்னும் அமெரிக்க அறிஞர் 1991இல் வெளியிட்ட ‘அரங்காகக் கணிப்பொறி’ என்னும் பொருள்தரும் தலைப்புடைய நூலில், கணிப்பொறியோடு மனிதர் கொள்ளும் உறவு கருவியைக் கையாளுதல் அன்று, ஒரு நிகழ்வில் பங்குகொள்ளுதல் எனக் கொண்டு, இவ்வுறுப்புகளை அதற்குப் பொருத்திக் காட்டினார்.

மைக்கேல் மட்டீயாஸ், ஆண்ட்ரூ ஸ்டெர்ன் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ‘ஃபசாட்’ இந்நெறியில் வந்த ஊடாட்ட நாடகம். கிரேஸ், டிரிப் என்னும் தம்பதியரின் இல்லத்திற்குப் பழைய நண்பராகச் செல்லும் பயனாளர், அவர்தம் பூசலுக்கு நடுவே அகப்படுகின்றார். அவர் தட்டச்சுச் செய்யும் சொற்களுக்கேற்ப, பதற்றம் படிப்படியாக ஏறி உச்சம் அடையுமாறு அடுத்த நிகழ்ச்சித் துணுக்கைத் தேர்ந்தெடுக்கும் நிரல் ஒன்று மறைவில் இயங்குகின்றது. சூத்திரதாரனின் பணியை இந்நிரல் ஏற்கின்றது எனலாம்.

3. ஐந்து சந்திகள்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பின்னர்ப் பரவிய பெருமொழி மாதிரிகள் எவ்வகைப் பேச்சிற்கும் மறுமொழி தருவன. ஆயின் மறுமொழிகளின் தொடர் கதை ஆகாது. தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் அத்தொடரில் தாமே அமைவதில்லை. நாட்டிய சாத்திரம் கூறும் ஐந்து சந்திகள் இங்குத் துணைசெய்யும். சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் இவற்றை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் எனப் பெயரிட்டு, பயிர்த்தொழிலோடு ஒப்பிட்டு விளக்குவர். நிகழ்ச்சிகள் எவையாயினும் கதை இப்போது எப்பருவத்தில் உள்ளது என்பதை நிரல் அறிந்திருப்பின், மாந்தரின் பேச்சை அப்பருவத்திற்கு ஏற்ப நெறிப்படுத்தலாம்.

4. கண்ணும் காலும்

பார்வையைக் கதைக்கு உரிய இடத்தில் நிறுத்துவது அடுத்த சிக்கல். சிலப்பதிகார அரங்கேற்று காதை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளையும், தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு அமைக்கும் முறையையும் கூறுகின்றது. மறைத்தலும் ஒளியூட்டலுமே கண்ணை வழிநடத்தும் என்பது இதனாற் பெறப்படும். மெய்நிகர் உலகிலும் கட்டளையிடாமல் ஒளியாலும், ஒரு திசையினின்று எழும் ஒலியாலும், மாந்தரின் நோக்காலும் பார்வையை ஈர்க்க இயலும்.

உடல் அசையாமல் காட்சி மட்டும் நகரும்போது பலர்க்குத் தலைச்சுற்றலும் குமட்டலும் உண்டாகின்றன. அரங்கைச் சுற்றிச் சில அடிகள் நடந்தாலே வேற்றிடம் சென்றதாகக் கொள்ளும் நாட்டிய மரபு இதற்கு நல்ல மாற்று. சிறு அறைக்குள் சில அடி நடையையே நெடும்பயணத்தின் குறியாக்கலாம்.

5. பார்வையாளரின் இடம்

அனைத்தினும் முதன்மையானது பார்வையாளர் யார் என்பதே. தனக்கே நேர்ந்த துயரம் சுவை ஆகாது, தன்னல உணர்வினின்று விலகிப் பொதுமை எய்திய உணர்வே சுவை என்பது அபிநவகுப்தர் கொள்கை. பார்வையாளரையே தலைமைமாந்தர் ஆக்கும் மெய்நிகர்க் கதை இவ்விலக்கத்தை இழக்க நேரிடும். அச்சச்சுவை வெறும் அச்சமாகிவிடும்.

இதற்குத் தொல்காப்பியம் ஒரு வழி காட்டுகின்றது. கற்பியல் கூறும் வாயில்கள் பன்னிருவருள் விருந்தினரும் கண்டோரும் உளர். இவர்கள் நிகழ்ச்சிக்குள் நிற்பவர்; ஆயினும் தலைமக்கள் அல்லர். ஊடலுக்கிடையே வரும் விருந்தினரின் நிலையே ‘ஃபசாட்’ பயனாளரின் நிலையும் என்பது எண்ணத்தக்கது. அருகிருந்தும் விலகி நிற்கும் இவ்விடமே மெய்நிகர்ப் பார்வையாளர்க்கு ஏற்றது எனலாம்.

6. முடிவுரை

கருவி புதிது, சிக்கல் பழையது. சந்தி, எழினி, சுற்றுநடை, வாயில் ஆகியவற்றை இலக்கணக் குறிப்புகளாக மட்டும் போற்றாமல் செய்முறை விதிகளாகப் படித்தல் வேண்டும். நாடக ஆய்வாளரும் கணிப்பொறியாளரும் ஒருங்கிருந்து பணிபுரிந்தாலன்றி இது கைகூடாது. அங்ஙனம் கைகூடாவிடின், புதிய அரங்கில் காட்சி மிகும், கதை குன்றும்.