ஒரிஜினல் காயிலா, ஆஃப்டர்மார்க்கெட்டா? ஆர்எக்ஸ்-8 வெச்சிருக்கவங்களுக்கு ஒரு பதில்

இன்னைக்கு ஒரு சின்ன பார்ட் பத்தி பேசப் போறோம். உள்ளங்கையில அடங்கிடும். ஆனா அது கெட்டுப்போனதை கவனிக்காம விட்டா, முழு இன்ஜினையே காவு வாங்கிடும்.

முதல்ல ஒரு காட்சி. நீங்க இங்கிலாந்துல வேலை பார்க்கிறீங்கன்னு வெச்சுக்கோங்க. ரொம்ப நாள் ஆசை, செகண்ட் ஹேண்ட்ல ஒரு மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வாங்கிட்டீங்க. 2003-ல வந்து 2012-ல உற்பத்தி நின்னுபோன கார். நம்ம ஊர்ல மாஸ்டான்னா ஸ்வராஜ் மாஸ்டா வேன்தான் ஞாபகம் வரும். இந்த ஸ்போர்ட்ஸ் காரோ இங்க ஷோரூமுக்கே வந்ததில்ல. ஆனா பிரிட்டன்ல பழைய ஆர்எக்ஸ்-8 மலிவாவே கிடைக்கும். ஏன் மலிவுங்கறதுக்கும் இன்னைக்குப் பேசப் போற விஷயத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கு.

வாங்கின கொஞ்ச நாள்ல, சிக்னல்ல நிக்கும்போது வண்டி உதறுது. வேகம் எடுக்கும்போது இழுவை இல்ல. செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு எரியுது. மெக்கானிக் பார்த்துட்டு "இக்னிஷன் காயில் வீக்"ன்னு சொல்றார். இணையத்துல தேடினா ஒரு பக்கம் கம்பெனி காயில், இன்னொரு பக்கம் "பலமான ஸ்பார்க், கூடுதல் பவர்"னு விக்கிற ஆஃப்டர்மார்க்கெட் செட். எதை வாங்கறதுன்னு குழப்பம். "சரி, சம்பளம் வரட்டும், அதுவரைக்கும் இப்படியே ஓட்டுவோம்"னு நினைக்கிறீங்க.

அந்தக் கடைசி முடிவுதான் ஆபத்து. எந்தக் காயில்ங்கற கேள்விக்கு நிதானமா பதில் தேடலாம். ஆனா பதில் கிடைக்கிற வரைக்கும் வண்டியை எடுக்கக் கூடாது. ஏன்னு பார்ப்போம்.

காயில் என்ன வேலை செய்யுது?

கார் பேட்டரி கொடுக்கறது வெறும் 12 வோல்ட். ஸ்பார்க் ப்ளக் நுனியில இருக்கிற இடைவெளியைத் தாண்டி மின்சாரம் குதிக்கணும்னா ஆயிரக்கணக்கான வோல்ட் வேணும். அந்த வேலையைச் செய்யறதுதான் காயில். உள்ளே ரெண்டு கம்பிச் சுருள்: ஒண்ணு தடிமனான கம்பி, சில நூறு சுத்து, இன்னொண்ணு முடி மாதிரி மெல்லிய கம்பி, பல ஆயிரம் சுத்து. முதல் சுருள்ல கரண்ட் ஓடும்போது காந்தப்புலம் உருவாகுது. சட்டுனு கரண்டை நிறுத்தினா அந்தப் புலம் சரிஞ்சு, ரெண்டாவது சுருள்ல 20,000 வோல்ட்டுக்கு மேலகூட எழும்ப முடியும்.

இப்போ விளம்பரத்துக்கு வருவோம். "எங்க காயில் 60,000 வோல்ட்"னு போட்டிருப்பாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வீட்டு குக்கரை யோசிச்சுப் பாருங்க. உள்ளே அழுத்தம் ஏறிக்கிட்டே போகும். வெயிட் தூக்கி விசில் வந்த அடுத்த நொடி, அழுத்தம் அதுக்கு மேல ஏறாது. மூணு லிட்டர் குக்கரா இருந்தாலும் பத்து லிட்டர் குக்கரா இருந்தாலும் விசில் வர்ற அழுத்தத்தை முடிவு பண்றது அந்த வெயிட்தான்.

ஸ்பார்க் ப்ளக் இடைவெளிதான் இங்க வெயிட். 15,000 வோல்ட்ல ஸ்பார்க் குதிச்சிடுச்சுன்னா, வோல்டேஜ் அதோட நின்னுடும். மிச்சம் 45,000 வோல்ட் எங்கேயும் வேலை செய்யப் போறதில்ல. பெரிய காயில்ல சேமிச்ச சக்தி அதிகமா இருக்கலாம், ஸ்பார்க் கொஞ்சம் கூடுதல் நேரம் எரியலாம். ஆனா பெட்ரோல்-காற்று கலவை ஏற்கெனவே ஒழுங்கா பத்திக்கிச்சுன்னா, அதை இன்னும் "நல்லா" பத்தவைக்க வழியில்ல.

அப்போ "புது செட் போட்டதும் வண்டி பறக்குது"ன்னு சொல்றவங்க பொய் சொல்றாங்களா? இல்ல. அவங்க புது காயிலை ஒப்பிட்டது செத்துப்போன பழைய காயிலோட. புது ஒரிஜினல் போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட அதே மாற்றம் தெரிஞ்சிருக்கும்.

இந்த வண்டியில மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு?

ஆர்எக்ஸ்-8ல பிஸ்டன் கிடையாது. ரெனிசிஸ்ங்கற ரோட்டரி இன்ஜின். மொத்தம் 1.3 லிட்டர்தான். ரெண்டு ரோட்டர், ஒவ்வொண்ணும் முக்கோண வடிவம். ஆறு கியர் மேனுவல் மாடல்ல 9,000 ஆர்பிஎம் வரைக்கும் முறுக்கலாம். அந்தச் சத்தத்துக்காகவே இந்த வண்டியை வாங்கறவங்க இருக்காங்க.

எரியற அறை நீளமா, ஒல்லியா இருக்கறதால ஒரு ப்ளக்கால முழுசா பத்தவைக்க முடியாது. அதனால ஒரு ரோட்டருக்கு ரெண்டு ப்ளக்: லீடிங், ட்ரெய்லிங். ரெண்டு ரோட்டருக்கு நாலு ப்ளக், நாலு காயில். 1991-ல லெ மான்ஸ் ரேஸ்ல ஜெயிச்ச மாஸ்டா 787பி-யில ஒரு ரோட்டருக்கு மூணு ப்ளக் வெச்சிருந்தாங்க, காரணம் இதேதான்.

இப்போ ஒரு கணக்கு. சாதாரண பிஸ்டன் இன்ஜின்ல, ப்ளக்குக்கு ஒரு காயில் இருந்தா, இன்ஜின் ரெண்டு சுத்து சுத்தினா அந்தக் காயில் ஒரு தடவை ஸ்பார்க் கொடுக்கும். ரோட்டரியில ஒவ்வொரு சுத்துக்கும் கொடுக்கணும். 9,000 ஆர்பிஎம்-ல நொடிக்கு 150 தடவை. ஒரு ஸ்பார்க்குக்கும் அடுத்த ஸ்பார்க்குக்கும் நடுவுல 7 மில்லி செகண்ட்கூட இல்ல. அதுக்குள்ள சார்ஜ் ஆகி, ஸ்பார்க் விட்டு, மறுபடி தயாராகணும். அதுவும் இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்துலயே உட்கார்ந்துகிட்டு.

சூடாகி ஆறி, சூடாகி ஆறி, உள்ளே இருக்கிற இன்சுலேஷன் மெல்ல பலவீனமாகுது. ப்ளக் தேய்ஞ்சு இடைவெளி பெருசாச்சுன்னா நிலைமை இன்னும் மோசம். குக்கர்ல கனமான வெயிட்டைப் போட்ட மாதிரி, காயில் ஒவ்வொரு தடவையும் கூடுதல் வோல்டேஜ் தள்ளணும். பழைய ப்ளக் புது காயிலையும் கொன்னுடும்னு சொல்றது இதனாலதான்.

இதுல இன்னொரு சிக்கல், காயில் ஒரே நாள்ல சாகாது. கொஞ்சம் கொஞ்சமா சோர்ந்து போகும். குளிர்ல நல்லா இருக்கும், சூடானா தடுமாறும். ஓட்டறவருக்கு அது பழகிப்போயிடும்.

தள்ளிப்போட்டா என்ன ஆகும்?

ஸ்பார்க் தவறினா அந்தப் பெட்ரோல் எரியாம எக்ஸாஸ்ட்டுக்குப் போகும். அங்க இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல போய் எரியும். கன்வெர்ட்டர் உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான். அளவுக்கு மீறின சூட்டுல அது உருகி அடைச்சுக்கும். புகை வெளியே போக வழியில்லாம, சூடு இன்ஜினுக்குள்ளயே தங்கும். ரோட்டரோட சீல்கள் அடிவாங்கும். சீல் போச்சுன்னா கம்ப்ரெஷன் போச்சு. கம்ப்ரெஷன் போச்சுன்னா இன்ஜினைப் பிரிக்கணும்.

காயில்ல ஆரம்பிச்சு இன்ஜின்ல முடியற சங்கிலி இது. பழைய ஆர்எக்ஸ்-8 மலிவா கிடைக்கறதுக்கு இந்த பயம் ஒரு முக்கியக் காரணம். இன்ஜின் ரீபில்ட் செலவு, கார் வாங்கின விலையையே தாண்டிடலாம்.

அதனாலதான் செக் இன்ஜின் லைட் நிலையா எரியறதுக்கும் விட்டு விட்டு எரியறதுக்கும் வித்தியாசம் வெச்சிருக்காங்க. விட்டு விட்டு எரிஞ்சா, கன்வெர்ட்டரையே கெடுக்கற அளவுக்கு மிஸ்ஃபயர் நடக்குதுன்னு அர்த்தம். "அப்புறம் பார்த்துக்கலாம்"ங்கறதுக்கு அங்க இடமில்ல.

ஒரிஜினலுக்கு ஆதரவா

ஒரிஜினலோட பெரிய பலம் பொருத்தம். காயிலை எவ்வளவு நேரம் சார்ஜ் பண்ணணும்னு இன்ஜின் கம்ப்யூட்டர் முடிவு பண்ணுது. அதுக்குப் பேர் ட்வெல். அந்த நேரம், கம்பெனி காயிலை மனசுல வெச்சு எழுதினது. மோட்டர் போட்டு மேல்நிலைத் தொட்டி நிரப்பற மாதிரி. சின்னத் தொட்டிக்கு டைமர் வெச்சிட்டு பெரிய தொட்டியை மாட்டினா பாதிதான் நிரம்பும். டைமரைக் கூட்டிட்டு சின்னத் தொட்டியையே வெச்சிருந்தா வழிஞ்சு ஓடும். காயில் விஷயத்துல வழியறது தண்ணி இல்ல, சூடு.

ரெண்டாவது, மாஸ்டா இந்தக் காயிலைச் சும்மா விடல. பல தடவை திருத்தினாங்க. பாக எண்ணோட கடைசி எழுத்து ஏ, பி, சி-ன்னு மாறிக்கிட்டே வந்தது. வாங்கும்போது கடைசித் திருத்தத்தைக் கேட்டு வாங்குங்க. பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிட இடம் கொடுக்காதீங்க.

பலவீனமும் உண்டு. இது ஆயுசுக்கும் வர்ற பார்ட் இல்ல. ஆர்எக்ஸ்-8 ஓட்டறவங்க மத்தியில பரவலா இருக்கற வழக்கம், சுமார் 30,000 மைலுக்கு, அதாவது 50,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை நாலையும் மாத்திடறது. பிரேக் பேடு மாதிரி தேயற பொருள்னு எடுத்துக்கிட்டா மனசு லேசாயிடும்.

ஆஃப்டர்மார்க்கெட்ல எல்லாம் ஒண்ணு இல்ல

ஆஃப்டர்மார்க்கெட்னு ஒரே பேர்ல மூணு விதமான பொருள் விக்குது.

முதல் வகை, ஒரிஜினலை அப்படியே நகல் எடுத்த மலிவு காயில். கம்பெனி டப்பா மாதிரியே டப்பாவும் இருக்கும். உள்ளே கம்பியும் இன்சுலேஷனும் என்ன தரம்னு பார்க்க வழியில்ல. இந்த இன்ஜின்ல இதுக்கு இடமே இல்ல.

ரெண்டாவது, ஒரிஜினல் வடிவத்துலயே, பேர் தெரிஞ்ச தயாரிப்பாளர் பண்ணி உத்தரவாதம் கொடுக்கறது. நம்பகமான கடையில வாங்கினா, தினசரி ஓட்டத்துக்கு இது நியாயமான மாற்று.

மூணாவது, வேற இன்ஜினோட பெரிய காயில்களை பிராக்கெட், வயரிங்கோட மாட்டற கிட். ரோட்டரி உலகத்துல ஜெனரல் மோட்டார்ஸ் எல்எஸ் குடும்ப வி8 இன்ஜினோட காயில்கள் இதுக்குப் பிரபலம். சக்தி அதிகம், உடம்பும் பெருசு. ஆனா 6,000 ஆர்பிஎம்-ல ஓடற வி8-ல ஒரு காயில் நொடிக்கு 50 ஸ்பார்க்தான் கொடுக்கணும். நம்ம இன்ஜின்ல 150. அதனால ட்வெல் நேரத்தை அந்தக் காயிலுக்கு ஏத்த மாதிரி சரி பண்ணி ட்யூன் பண்ணாதான் காசுக்கு முழுப் பலன். மாட்டினா போதும்னு விக்கறவங்ககிட்ட, ட்வெல்லுக்கு என்ன ஏற்பாடுன்னு கேளுங்க. தெளிவா பதில் சொன்னா மட்டும் மேல பேசுங்க.

இந்த கிட் யாருக்கு உண்மையிலேயே தேவை? டர்போவோ சூப்பர்சார்ஜரோ மாட்டினவங்களுக்கு. அறைக்குள்ள அழுத்தம் கூடினா ஸ்பார்க் குதிக்கத் தேவையான வோல்டேஜும் கூடும்; அங்க ஒரிஜினல் திணறும். அடிக்கடி ட்ராக் போய், மேல் ஆர்பிஎம்-லயே நிமிஷக்கணக்கா வண்டியை வெச்சிருக்கறவங்களுக்கும் பயன்படும். ஆபீஸ் போய்ட்டு வர்றவங்களுக்கு அது ஆடம்பரம். அதோட பிரிட்டன்ல இந்த மாதிரி மாற்றத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லணும்; மறைச்சா க்ளெய்ம் நேரத்துல சிக்கல்.

சரி, இப்போ என்ன செய்யறது?

வண்டியை நிறுத்துங்க. ஸ்கேனர் போட்டு கோடு பாருங்க. பி0301 வந்தா முன் ரோட்டர், பி0302 வந்தா பின் ரோட்டர். முன் லீடிங் காயிலையும் பின் லீடிங் காயிலையும் இடம் மாத்தி, மறுபடி கோடு பாருங்க. தப்பு காயிலோடவே இடம் மாறிச்சுன்னா குற்றவாளி அதுதான். மாறலைன்னா ட்ரெய்லிங் ஜோடியை இதே மாதிரி மாத்திப் பாருங்க. அதுக்கப்புறம் ப்ளக், ஒயர். நீண்ட ஓட்டம் தேவையில்ல, நிறுத்தின இடத்துலயே பார்க்கற சோதனை போதும்.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி, ரோட்டரிக்குன்னே இருக்கற கருவியில கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுங்க. ஒரு ரோட்டருக்கு மூணு முகம். சாதாரண பிஸ்டன் இன்ஜின் கேஜ் மூணுல பெரிய எண்ணை மட்டும் காட்டி ஏமாத்திடும். கம்ப்ரெஷனே இல்லைன்னா, எந்தக் காயிலும் காப்பாத்தாது.

கம்ப்ரெஷன் நல்லா இருந்தா, ஒண்ணு போயிருந்தாலும் நாலு காயிலையும் மாத்துங்க. நாலும் ஒரே வயசு. கூடவே ப்ளக்கும் ஒயரும். லீடிங் ப்ளக்கும் ட்ரெய்லிங் ப்ளக்கும் வேற வேற, மாத்திப் போட்டுடாதீங்க. கன்வெர்ட்டர் அடைச்சிருக்கான்னு அதே நாள்ல பார்த்துடுங்க.

தினசரி ஓட்டற, மாற்றம் எதுவும் செய்யாத ஆர்எக்ஸ்-8-க்கு என் பதில்: கடைசித் திருத்தம் வந்த ஒரிஜினல் நாலு, கணக்கு வெச்சு மாத்தற பழக்கம். பெரிய கிட்டுக்கு ஆகற மிச்சப் பணத்துல அடுத்த செட்டுக்கு இப்பவே எடுத்து வெச்சிடலாம். சம்பளம் வர்ற வரைக்கும் என்ன பண்றதுன்னா, பஸ்ல போங்க. டிக்கெட் காசு ஒரு இன்ஜினைக் காப்பாத்தும்.

உங்க வண்டியில இப்படி ஏதாவது விளக்கு எரிஞ்சுகிட்டு இருந்து, நீங்களும் பழகிப்போயிருந்தா, இந்த எபிசோட் முடிஞ்சதும் முதல்ல அதைப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.