சீருடையைக் கழற்றிய பிறகு

ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து மத்ரஸாவுக்குத் திரும்பியபோது வயதான தாய் ஒருவர் வாசலில் நின்றார். அவருடைய பேரப்பிள்ளை எங்களிடம் ஓதுகிறது. பிள்ளையின் ஓதல் பற்றிக் கேட்க வந்திருப்பார் என்று நினைத்தேன்.

"ஹஸ்ரத், மகன் ஆமியில இருபத்திரண்டு வருஷம் முடிச்சிட்டு வந்திட்டான். பென்ஷன் வரும். ஆனா அவனுக்கு நாற்பத்தொரு வயசுதானே. கொழும்பில ஒரு கம்பனி வாசல்ல செக்கியூரிட்டி வேலைக்குக் கூப்பிடுறாங்க. மருமகளுக்கு அது விருப்பமில்ல. நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. கிதாபு ஓதிக் கொடுப்பவனுக்கு இராணுவத்தைப் பற்றி என்ன தெரியும்? இரவு படுத்த பின்னர்தான் நினைவு வந்தது. இந்தக் கேள்வி நம் நாட்டு முஸ்லிம் வீடுகளுக்குப் புதியதல்ல. 1873 இல் இதே கேள்வி ஒரு சமூகத்தின் வாசலில் வந்து நின்றது.

அவர்கள் நம் மலாய்ச் சகோதரர்கள். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து படைவீரராகக் கொண்டு வரப்பட்டவர்கள். 1796 இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்குப் போனதும் அவர்களுடைய சேவையும் ஆங்கிலேயருக்கே போனது. பின்னர் அந்தப் படை இலங்கை ரைபிள் படை என்று பெயர் பெற்றது. 1847 முதல் சில ஆண்டுகள் அதன் ஒரு பகுதி ஹொங்கொங் வரை சென்று காவல் இருந்தது. இன்றும் கொம்பனித்தெருவில் ரைபிள் வீதி, மலே வீதி, ஜாவா லேன் என்ற பெயர்களைக் காணலாம். கலாநிதி பீ. ஏ. ஹுசைன்மியா இந்தப் படையின் வரலாற்றை 'ஓராங் றெஜிமென்' என்ற பெயரில் நூலாகவே எழுதியிருக்கிறார்.

படை என்றால் சம்பளம் மட்டுமல்ல. குடும்பங்களும் முகாமோடு சேர்ந்தே வாழ்ந்தன. இருக்க இடம், பிள்ளைகளுக்குப் பாடசாலை எல்லாம் அதற்குள் இருந்தன. வாப்பா சிப்பாய், மகனும் சிப்பாய் என்று தலைமுறைகள் போயின. ஆனால் அரசாங்கத்துக்குப் படையின் செலவு பாரமானது. புதிய ஆட்களும் கிடைக்கவில்லை. கோப்பித் தோட்டங்களில் அதைவிட நல்ல கூலி கிடைக்கும்போது எந்த இளைஞன் துப்பாக்கி தூக்கப் போவான்? 1873 இல் படை கலைக்கப்பட்டது. பட்டாளமே தாய்வீடாக இருந்த பெண்களின் அன்றைய மனநிலையை நம் சகோதரிகள் சற்று நினைத்துப் பாருங்கள்.

அந்த ஆண்கள் எங்கே போனார்கள்? பெரும்பாலும் பொலிஸுக்கு, சிறைச்சாலைக்கு, கொழும்பு தீயணைப்புப் படைக்கு. மலாயர் பொலிஸில் சேருவது அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1864 மார்ச் 21 ஆம் திகதி மாவனல்லையில் சரதியலைப் பிடிக்கப் போய் உயிர் கொடுத்த கான்ஸ்டபிள் சபான் ஒரு மலாயர்தான். பொலிஸார் இன்றும் அந்த நாளை நினைவுகூருகிறார்கள். வேறு சிலர் தோட்டங்களில் ஆள்களை மேற்பார்க்கும் வேலைக்குப் போனார்கள். ஆள்களைக் கட்டி வேலை வாங்கவும் கணக்கெழுதவும் முகாமில் பழகியவர்கள் அல்லவா!

என் அபிப்பிராயம் சிலருக்குக் கசக்கலாம். ஒரு சீருடையைக் கழற்றி இன்னொன்றைப் போடுவது அன்று எளிதாக இருந்தது, பசியையும் தீர்த்தது. ஆனால் சம்பளமும் பென்ஷனும் மனிதனோடு வந்து மனிதனோடு போய்விடுகின்றன. காணியும் கடையும் கைத்தொழிலும்தான் பிள்ளைக்கு மிஞ்சும். மலாய்ச் சமூகத்தில் வியாபாரமும் நிலமும் பெரிதாகச் சேராமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் அவர்களிடம் ஒரு சொத்து இருந்தது. அது எழுத்து. படை கலைவதற்கு நான்கு வருடம் முன்பே, 1869 இல், கொழும்பில் பாபா யூனுஸ் சல்தீன் அரபு எழுத்தில் மலாய்மொழிப் பத்திரிகை ஒன்றை வெளியிட்டார். வாசிப்பவர்கள் இருந்தபடியால்தானே பத்திரிகை வந்தது. அந்தச் சமூகத்திலிருந்துதான் ரீ. பீ. ஜாயா வந்தார். 1890 இல் கலகெதரையில் பிறந்தார். தகப்பன் பொலிஸ்காரர், மகன் ஆசிரியர். 1921 இல் கொழும்பு ஸாஹிராவின் அதிபரானார். 1947 இல் அமைச்சரானார். 1960 இல் மதீனாவில் வபாத்தானார்.

மறுநாள் அந்தத் தாயிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "மகன் ஆமியில என்ன வேலை செஞ்சார்?" என்று மட்டும் கேட்டேன். "ஆமியிலதான் இருந்தான்" என்றார். மருமகளை அழைத்து வரச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. பதினான்கு வருடம் வாகனம் திருத்தும் பட்டறையில் வேலை! லொறி எஞ்சினைப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டத் தெரிந்த ஒருவரை வாசலில் நிற்க வைக்கப் பார்த்தோம்.

அநேக வீடுகளில் இப்படித்தான். "ஆமிக்காரன்" என்ற ஒரே சொல்லுக்குள் மேசன், சமையல்காரர், மின்சார வேலைக்காரர், கிளார்க், காயத்துக்கு மருந்து கட்டுபவர் எல்லோரும் மறைந்து போகிறார்கள். அவர்களிடம் தாளில் எழுதிய சான்றிதழ் இல்லாதிருக்கலாம். அதற்கும் வழி உண்டு. நயிட்டா என்று சொல்லப்படும் தொழிற்பயிற்சி அதிகார சபையில், வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தால் கற்றவரையும் பரீட்சித்து தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். இராணுவத்தை 2030 அளவில் ஒரு இலட்சம் பேராகக் குறைப்பதாக அரசாங்கம் 2023 ஜனவரியில் அறிவித்தது. ஆகவே இன்னும் பல வீடுகளுக்கு இது தேவைப்படும்.

விலகும்போது மொத்தமாக வரும் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பணம் வரும் முன்பே அதற்கு ஆள்கள் வந்துவிடுவார்கள். ஒருவர் கடன் கேட்பார், இன்னொருவர் கூட்டு வியாபாரம் என்பார். த்ரீவீலருக்கு முற்பணம் கட்டி லீசிங் வட்டியில் மாட்டியவர்களை நானே கண்டிருக்கிறேன். ஒரு வருடமாவது அதைத் தொடாமல் வைத்துப் பாருங்கள்.

இதைவிடக் கடினமான விஷயம் வீட்டுக்குள் இருக்கிறது. இருபது வருடம் விசிலுக்கு எழும்பியவர் வீட்டிலும் விசில் ஊதப் பார்ப்பார். பிள்ளைகள் வாப்பாவை லீவில் வரும் விருந்தாளியாகவே அறிந்தவர்கள். இத்தனை காலமும் வீட்டை நடத்தியவர் மனைவி. இப்போது அரிசி வாங்குவதிலிருந்து எல்லாவற்றுக்கும் கட்டளை பிறக்கும். சில மனைவிமார் இதனாலேயே, "எங்கேயாவது தூரத்து வேலைக்குப் போங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த மருமகள் அப்படிச் சொல்லவில்லை. "பிள்ளைகள் இனியாவது வாப்பாவோட இருக்கட்டும் ஹஸ்ரத்" என்றார்.

தாவூத் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் ஜாலூத்தை வென்ற போர்வீரர், அரசரும்கூட. அப்படியிருந்தும் தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்பது நாம் அறிந்தது. இதை அந்த மகனிடம் சொன்னபோது அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கஷ்டம் வேறு. ஊர்க் கராஜில் சேர்ந்தால் தன்னைவிடப் பதினைந்து வயது குறைந்த பையனிடம் வேலை பார்க்க வேண்டும். சார்ஜன்டாக இருந்தவருக்கு அது இலேசா?

ஆனாலும் சேர்ந்தார். முதல் மூன்று மாதச் சம்பளம் செக்கியூரிட்டி வேலையில் கிடைப்பதைவிடக் குறைவு. மருமகள் ஒரு கொப்பி போட்டு வரவு செலவு எழுதினார். மாதம் ஒரு சாமான் என்று ஸ்பேனர், ஜக் எல்லாம் வாங்கினார்கள். கடந்த நோன்பில் அந்தப் பக்கம் போனேன். ஒரு லொறியின் அடியிலிருந்து ஸலாம் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். முகமெல்லாம் கிறீஸ். பக்கத்தில் எங்கள் மத்ரஸாப் பிள்ளை டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றது.