சொட்டு பரவும் விதம்

திடப் பரப்பில் விழும் சொட்டு முத்தாக நிற்குமா, படலமாக விரியுமா என்பது இரண்டு இழுப்புகளைப் பொறுத்தது. திரவத்தின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துச் சொட்டைத் திரட்டப் பார்க்கும். பரப்போ அதைத் தன்மேல் விரிக்கப் பார்க்கும். சொட்டின் விளிம்பு பரப்போடு உண்டாக்கும் கோணம்தான் சேர்கோணம். இதை 1805இல் விளக்கியவர் தாமஸ் யங். 90 பாகைக்குக் குறைந்தால் பரப்பு நனையும். கூடினால் திரவம் திரளும். பூஜ்யமானால் முழுக்கப் பரவிவிடும்.

பரவும் வேகம் பாகுத்தன்மையைச் சார்ந்தது. வழுவழுப்பான பரப்பில் முழுக்கப் பரவக்கூடிய சிறு எண்ணெய்ச் சொட்டு முதலில் சட்டென்று விரியும், பிறகு ஊர ஆரம்பிக்கும். 1 நொடியில் அடைந்த அகலம் இரட்டிக்க ஏறக்குறைய 1,000 நொடி, அதாவது கால் மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கும். டேனர் 1979இல் வகுத்த விதி இது.

நுண்துளைகள் உள்ள பரப்பில் சொட்டு விரிவதோடு நிற்காது, உள்ளேயும் இறங்கும். சுண்ணாம்புக் காரை அப்படிப்பட்டது. மீண்டும் மீண்டும் நனைந்து காய்ந்தால் பொருமி உதிரும். ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்ட மூலவர் அரங்கநாதரின் திருமேனி சுதையால், அதாவது சுண்ணாம்புக் காரையால் ஆனது. அதனால் அவருக்குத் திருமஞ்சனம் இல்லை. அது உற்சவர் நம்பெருமாளுக்கே. மூலவருக்கு மூலிகைத் தைலக்காப்பு சாத்துகிறார்கள். கெட்டியான தைலம் மெதுவாகவே ஊறும், மெதுவாகவே உலரும். காப்பு உலரும்வரை பக்தர்களுக்குத் திருவடி சேவை கிடையாது. சுதையின் இயல்பை அறிந்து, அதற்கேற்ற உபசாரத்தை வகுத்த கைகளின் அறிவு வணக்கத்துக்குரியது.

சுதைக்கு நேர்மாறானது வாழை இலை. அதன் அடிப்புறத்தில் சாம்பல் பூத்தாற்போல் மெழுகுப் பொடி படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் பொடி ஒட்டிக்கொள்ளும், தேய்த்த இடம் பச்சையாகத் தெரியும். பொடியின் இடுக்குகளில் காற்று தங்குவதால் நீர் இலையைச் சரியாகத் தொடுவதே இல்லை. லால்குடி, முசிறி, தொட்டியம் பக்கம் வாழை போடுகிறவர்களுக்கு இது செலவுக் கணக்கு. சிகடோகா இலைப்புள்ளி நோய்க்கு அடிக்கும் மருந்து, இலையில் தங்காமல் உருண்டு மண்ணுக்குப் போய்விடும்.

நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு சுமார் 72 மில்லிநியூட்டன். எண்ணெய்களுக்கு அதில் பாதிதான் இருக்கும். மருந்தோடு கலக்கும் ஒட்டும் திரவம் நீரின் இழுவிசையைக் குறைக்கிறது. சேர்கோணம் சுருங்கி, சொட்டு தட்டையாகப் படிகிறது. அளவு மீறிக் கலந்தால் சொட்டுகள் ஒன்றுகூடி வழிந்து, மருந்து மறுபடி மண்ணுக்கே போகும். எனவே விவசாயிகள் டப்பாவில் குறித்த அளவுக்கு மேல் ஒட்டும் திரவம் ஊற்ற வேண்டாம்.